எண்கள் கெடுவதற்கு முன்

2017 ஜூன் 6ஆம் திகதி மாலை, ஸ்பெயினின் பாங்கோ பொப்புலார் இனிப் பிழைக்காது என்று ஐரோப்பிய மத்திய வங்கி தீர்மானித்தது. மறுநாள் காலை கிளைகள் திறக்கும் நேரத்துக்கு அது சந்தாந்தேர் வங்கியின் சொத்தாகிவிட்டது. விலை ஒரு யூரோ. அந்த ஆண்டின் மார்ச் முடிவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள்: மூலதன விகிதம் மேற்பார்வையாளர் விதித்த அளவுக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஜூனில் அதைச் சாய்த்தது, வைப்பாளர்கள் நாள்தோறும் காசை எடுத்துக்கொண்டு போனதுதான்.

டெக்சியா என்ற பெல்ஜிய-பிரெஞ்சு வங்கி 2011 ஜூலையில் ஐரோப்பிய வங்கி ஆணையத்தின் அழுத்தச் சோதனையில் நன்றாகவே தேறியது. ஒக்டோபரில் அதை உடைத்துப் பிரித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் அயர்லாந்தின் இரண்டு பெரிய வங்கிகள் இதேபோன்ற ஒரு சோதனையில் தேறின. நவம்பரில் அந்த நாடே சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றது.

வங்கி மேற்பார்வைத் துறைக்கு வர எவ்வளவு கணிதம் வேண்டும் என்று இளையவர்கள் கேட்கும்போது இந்த மூன்றையும் சொல்வேன். கணிதம் வேண்டும்தான். ஆனால் ஒரு வங்கியின் எண்கள் கெட்டுவிட்டதாக அறிக்கையில் தெரியும் நாளில், மேற்பார்வையாளர் செய்ய மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். எண்கள் நன்றாக இருக்கும்போதே, எவருக்கும் பிடிக்காத கேள்வியைக் கேட்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நான் மேற்பார்வை பார்த்த எந்த வங்கியின் பெயரும் இங்கே வராது. இந்தத் தொழிலில் இரகசியம் காப்பது சட்டக் கடமை, வேலையை விட்ட பிறகும் அது நம்மை விடாது. பெயரோடு வருகிறவை எல்லாம் ஏற்கெனவே ஊரறிந்தவை.

நான் வளர்ந்தது கொலோனில். எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா உணவகச் சமையலறையில் நின்றார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு, ஜேர்மன் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் நடத்தும் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் ஹாஹன்பூர்க் என்ற சிற்றூரில் ஒரு பழைய கோட்டை மாளிகைக்குள் இருக்கிறது அது. மூன்று ஆண்டுப் படிப்பு. சில மாதம் கோட்டையில் பாடம், சில மாதம் மத்திய வங்கி அலுவலகங்களில் வேலை. படிக்கும்போதே சம்பளம், படித்து முடித்தால் அரச உத்தியோகம். அரச உத்தியோகம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா மேற்கொண்டு விசாரணை எதுவும் செய்யவில்லை. என்ன வேலை என்பதைப் பிற்பாடுதான் கேட்டார். அவருக்கு விளங்கும்படி சொல்லப்போய், "சீட்டுப் பிடிக்கிற ஆள் காசோடு ஓடாமல் பார்க்கிற வேலை" என்றேன். கொலோன் தமிழர்கள் நடுவில் சீட்டுக்காசோடு காணாமற்போனவர்களின் கதைகள் அவருக்கு நிறையத் தெரியும். உடனே விளங்கிவிட்டது. வங்கிகளில் ஓடுகிறவர் அநேகமாகக் கள்ளராக இருப்பதில்லை, தன் கணக்கைத் தானே நம்பிவிட்டவராக இருப்பார் என்பதை மட்டும் நான் அப்போது சொல்லவில்லை.

உலக வங்கி ஒழுங்குவிதிகளின் கதையில் கொலோனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது கோட்டையில் படிக்கும்போதுதான் தெரிந்தது. ஹேர்ஸ்டாட் என்ற கொலோன் வங்கி அந்நியச் செலாவணிச் சூதில் மூழ்கியது. 1974 ஜூன் 26ஆம் திகதி, ஜேர்மனியில் அன்றைய வங்கி அலுவல்கள் முடிந்த பிறகு அதை மூடினார்கள். நியூயோர்க்கில் அப்போது காலை. காலையில் மார்க் கொடுத்துவிட்டு மாலையில் டொலர் வாங்கக் காத்திருந்த வங்கிகளுக்கு டொலர் வரவேயில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து நாடுகளின் மத்திய வங்கி ஆளுநர்கள் சேர்ந்து, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் கூடும் ஒரு குழுவை அமைத்தார்கள். இன்று மூலதன விதி என்று உலகம் முழுவதும் பேசப்படுவதெல்லாம் அந்தக் குழுவின் மேசையிலிருந்து வந்ததுதான்.

ஜேர்மன் ஏற்பாட்டில் மத்திய வங்கி போய்ப் பார்க்கும், பாஃபின் என்ற மேற்பார்வை ஆணையம் தீர்மானிக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வங்கிகள் உள்ள நாடு. ஊருக்கு ஊர் ஒரு சேமிப்பு வங்கி, ஒரு கூட்டுறவு வங்கி. வங்கிச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்கீழ் அங்கெல்லாம் நேரில் போய்ச் சோதிக்கும் குழுக்களில் ஒன்றில் என்னைப் போட்டார்கள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றது.

போவதற்கு முன்பே தேவைப்படும் பத்திரங்களின் பட்டியல் வங்கிக்குப் போய்விடும். எல்லாக் கடன்களும் கொண்ட ஒரு பெரிய எக்செல் கோப்பு வரும். அதிலிருந்து சில பத்துக் கடன்களைத் தெரிவுசெய்து கோப்புகளை வரவழைக்க வேண்டும். குருட்டாம்போக்கில் எடுக்கலாம், புள்ளியியல் முறையில் எடுக்கலாம். என் முதற் குழுத் தலைவி அவற்றோடு தன் பட்டியல் ஒன்றையும் வைத்திருந்தார். டிசம்பர் மாதத்தில் தரம் உயர்த்தப்பட்ட கடன்கள். தவணைக் காலம் ஒருமுறைக்கு மேல் நீட்டப்பட்டவை. ஆண்டுக் கணக்கு கொடுக்கத் தாமதிக்கும் கடனாளிகள். பொறுப்பாக இருந்த அலுவலர் அண்மையில் வேலையை விட்டுப் போன கடன்கள். இந்த நான்கு வடிகட்டியையும் நான் இன்றுவரை கைவிடவில்லை.

கோப்பைப் படிப்பதற்கு அவர் சொன்ன வழி எளிது. முதலில் மிகப் பழைய கடன் விண்ணப்பக் குறிப்பை எடுக்க வேண்டும். காசு எதிலிருந்து திரும்பி வரும் என்று அன்றைக்கு எழுதினார்கள்? வாடகையிலிருந்து என்று இருக்கும். பிறகு கடைசிக் குறிப்பு: கட்டடத்தை விற்று அடைக்கப்படும். நடுவில் ஒன்று: வேறு வங்கியில் மறுகடன் எடுத்து அடைக்கப்படும். வாடகை, மறுகடன், விற்பனை என்று பதில் மாறிக்கொண்டு வந்தால் ஒரு தவணைகூடத் தவறாவிட்டாலும் அந்தக் கடனுக்கு நோய் வந்துவிட்டது. தொண்ணூறு நாள் தவணை தவறினால் வாராக்கடன் என்பது எவருக்கும் தெரிந்த விதி, கணினியே எண்ணிச் சொல்லிவிடும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நிபந்தனை இருக்கிறது: ஈட்டை விற்காமல் கடனாளி முழுதாகத் திருப்பிக் கொடுப்பது ஐயம் என்று தோன்றினாலும் அது வாராக்கடன்தான். அதைக் கணினி சொல்லாது. ஒருவர் உட்கார்ந்து கோப்பைப் படித்துச் சொல்ல வேண்டும். வங்கிக்காரர் ஆயிரம் காரணத்தோடு மறுப்பார்.

ஈட்டு மதிப்பீட்டு அறிக்கைகள் ஒரு தனி இலக்கியம். ஏரிக்கரை விடுதி ஒன்றின் மதிப்பீட்டில் ஐந்தில் நான்கு அறைகள் ஆண்டு முழுதும் நிரம்பும் என்று எழுதியிருந்தது. அதே கோப்பில், சில தாள்கள் தள்ளி, விடுதியின் கணக்கு இருந்தது. பாதி அறைகூட நிரம்பியதில்லை. இரண்டு தாளும் ஒரே கோப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கின்றன. எவரும் எதையும் மறைக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் வாசித்தவர் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு நேர்காணல்கள். எப்போதும் இருவராகப் போவோம். ஒருவர் கேட்பார், மற்றவர் எழுதுவார். உயர் அலுவலர்கள் நன்றாகத் தயாராகி வருவார்கள், விதிப்புத்தகத்தின் பக்க எண் வரை சொல்வார்கள். இடர் முகாமையாளரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியாக எந்தக் கடனுக்கு வேண்டாம் என்றீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது?" நல்ல வங்கியில் உடனே ஒரு கதை வரும். சில நேரம் கோபத்தோடு வரும். மோசமான வங்கியில் நடைமுறை விளக்கம் வரும். வேண்டாம் என்று சொன்ன நினைவே இல்லாத இடர் முகாமையாளரை நான் சந்தித்திருக்கிறேன். அவருடைய அறை பெரியது, கொள்கை ஆவணங்கள் குறையில்லாதவை.

கண்டறிந்தவை ஒவ்வொன்றுக்கும் கடுமையைக் குறிக்கும் தரம் உண்டு. இப்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் முறையில் எஃப் 1 முதல் எஃப் 4 வரை, நான்கு என்றால் மிகக் கடுமை. வரைவு அறிக்கை வங்கிக்குப் போகும், அவர்கள் கருத்து எழுதுவார்கள், முடிவில் ஒரு கூட்டம். புதியவர்களுக்கு இங்கே ஒன்று வியப்பாக இருக்கும். நடந்தது உண்மையா என்பது பற்றி வங்கிகள் அதிகம் வாதாடுவதில்லை. அது மூன்றா இரண்டா என்பதற்குத்தான் மணிக்கணக்கில் போராடுவார்கள். மூன்று என்றால் பணிப்பாளர் சபைக்குப் போகும், சிலருடைய ஊக்கத்தொகையைத் தொடும்.

2012 ஜூன் 29ஆம் திகதி அதிகாலை, பிரசெல்ஸில் யூரோ வலயத் தலைவர்கள் ஒரே மேற்பார்வை ஏற்பாடு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வங்கிகள் அரசுகளையும் அரசுகள் வங்கிகளையும் மாறிமாறி இழுத்து விழுத்திக்கொண்டிருந்த காலம். தன் நாட்டு வங்கியைத் தன் நாட்டு மேற்பார்வையாளரே பார்ப்பதில் ஒரு கண்மூடல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எவரும் தன் நாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. 2014 நவம்பர் 4ஆம் திகதி பெரிய வங்கிகளின் மேற்பார்வை ஐரோப்பிய மத்திய வங்கியின் கைக்கு வந்தது. அதற்கு முன் 130 வங்கிகளின் கணக்குகளைத் திறந்து பார்க்கும் பெருஞ்சோதனை நடந்தது. என்னையும் அதற்கு அனுப்பினார்கள். ஐரோப்பா முழுவதும் ஒரே படிவம், ஒரே வரையறை, ஒரே கெடு. தொண்ணூறு நாள் என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. சொத்துகளின் ஏட்டு மதிப்பில் 4,800 கோடி யூரோ வெட்டப்பட்டது. 25 வங்கிகளுக்கு மொத்தமாக 2,500 கோடி யூரோ மூலதனப் பற்றாக்குறை. ஒக்டோபர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு நான் பிராங்பேர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கிக்கு மாறினேன்.

தொடக்க ஆண்டுகள்தான் என் தொழில் வாழ்க்கையின் மிகச் சுவையான காலம். ஒரு மேசையைச் சுற்றிப் பல நாட்டு மேற்பார்வையாளர்கள் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் தங்கள் வழிதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள். ஸ்பெயினில் மிகப் பெரிய வங்கிகளுக்குள் மத்திய வங்கியின் ஆட்கள் நிரந்தரமாகவே குடியிருந்தார்கள், வங்கி ஊழியரின் பிறந்தநாள்கூட அவர்களுக்குத் தெரியும். ஜேர்மனியில் நாங்கள் கணக்காய்வாளர் எழுதும் நீண்ட அறிக்கையை வரிவரியாக வாசித்து வளர்ந்தவர்கள். பிரான்ஸில் சோதனைக்குழு என்பது தனி மரபு, தனிப் பெருமை. நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் மத்திய வங்கியில் உளவியலாளர்களை வேலைக்கு வைத்து, பணிப்பாளர் சபைக் கூட்டங்களில் உட்கார்ந்து யார் யாரை இடைமறிக்கிறார் என்று குறிப்பெடுத்தார்கள். அதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சபைக் கூட்டத்தில் அவர்கள் எடுத்த குறிப்பை வாசித்த பிறகு சிரிக்கவில்லை. தலைவர் பேசி முடித்தபின் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரி எங்கள் இருபது பக்க ஆளுகை அறிக்கையைவிட அந்த வங்கியைப் பற்றி அதிகம் சொன்னது.

இந்த ஐரோப்பிய மேற்பார்வைக்கு முதல் தலைவராக வந்த டனியேல் நூயி பிரெஞ்சு மேற்பார்வையில் வளர்ந்தவர், 1998 முதல் 2003 வரை பாசல் குழுவின் செயலாளர் நாயகமாக இருந்தவர். அவருக்குப் பின் ஐரோப்பிய வங்கி ஆணையத்திலிருந்து அந்திரேயா என்ரியா. 2024இலிருந்து ஜேர்மனியின் கிளவுடியா பூஹ்.

ஒவ்வொரு பெரிய வங்கிக்கும் ஒரு கூட்டு மேற்பார்வைக் குழு உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆட்களும் அந்தந்த நாட்டு ஆணையங்களின் ஆட்களும் அதில் கலந்திருப்பார்கள். பெரிய வங்கி என்றால் பொதுவாக 3,000 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளது; அந்த நாட்டில் முதல் மூன்றில் ஒன்றாக இருந்தாலும் சேரும். மொத்தம் நூற்றுப்பத்துக்கு மேல் வரும். குழுவின் ஒருங்கிணைப்பாளர் வங்கியின் சொந்த நாட்டைச் சேர்ந்தவராக இருப்பது வழக்கமில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியும் விடுவார்கள். இந்த வழக்கத்தின் அருமை வேலைக்கு உள்ளே இருந்தால்தான் தெரியும். வெளிநாட்டுக்காரர் முட்டாள்தனமாகத் தோன்றும் கேள்விகளைக் கேட்கலாம். "இங்கே எல்லோரும் இப்படித்தான்" என்ற பதில் அவரிடம் எடுபடாது.

ஆண்டு முழுவதும் நடக்கும் மதிப்பாய்வு நான்கு தூண்களில் நிற்கிறது: தொழில் மாதிரி, ஆளுகை, மூலதனத்துக்கான இடர்கள், கைக்காசுக்கான இடர்கள். முடிவில் ஒன்று முதல் நான்கு வரை ஒரு மதிப்பெண், அதோடு அந்த வங்கி சட்டம் கேட்பதற்கு மேல் எவ்வளவு கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற எண். வெளியார் கண்ணுக்கு அந்த எண்தான் எல்லாம். 2020 ஜனவரியிலிருந்து வங்கிவாரியாக அதை வெளியிடுகிறார்கள், பகுப்பாய்வாளர்கள் ஒரு கால் சதவீதப் புள்ளிக்கு ஓர் அறிக்கை எழுதுவார்கள். உள்ளே, எங்கள் வியர்வையெல்லாம் அந்த எண்ணுக்கு முன்னால் வரும் பத்திகளில்தான் போகும்.

வரைவுத் தீர்மானத்தை வங்கிக்கு அனுப்பி, அவர்கள் தரப்பைச் சொல்ல வழக்கமாக இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். சட்டத்தரணிகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு மேற்பார்வைச் சபை, அதன்பின் மத்திய வங்கியின் ஆளுகைச் சபை ஆட்சேபிக்காமல் இருக்க வேண்டும். அதையும் தாண்டி லக்சம்பூர்க் நீதிமன்றம் இருக்கிறது. 2018 ஜூலையில் அந்த நீதிமன்றம், ஒழுங்குபடுத்தப்பட்ட சேமிப்புக் கணக்குகள் தொடர்பாகப் பிரெஞ்சு வங்கிகள் கேட்ட விதிவிலக்கை மறுத்த ஐரோப்பிய மத்திய வங்கியின் தீர்மானங்களை இரத்துச் செய்தது. மறுக்கும் அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மறுத்த விதத்தில், அந்தச் சேமிப்புகளின் தன்மையைத் துருவிப் பார்க்காததில், பிழை கண்டது. அந்தத் தீர்ப்பை எங்கள் தளத்தில் எல்லோரும் அச்சடித்து வைத்திருந்தார்கள். இந்த வேலைக்கு எழுதத் தெரிய வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒரு கண்டறிதல், அதன் ஆதாரம், அதனால் வரக்கூடிய தீங்கு, வங்கி செய்ய வேண்டியது, கெடு: இந்த ஐந்தையும் ஒரு பத்திக்குள், எதிரித் தரப்புச் சட்டத்தரணி விரல் நுழைக்க இடமில்லாமல் எழுத வேண்டும். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் இதில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் முதல் மாதமே செய்தார்.

நெருக்கடி நாள்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலும் தொலைபேசிக் கூட்டங்கள், மாலைதோறும் வந்து சேரும் கைக்காசு அட்டவணைகள், குளிர்ந்துபோன பீட்சா. 2020 மார்ச் 27ஆம் திகதி, பங்கு இலாபம் கொடுப்பதை நிறுத்திவைக்கும்படி எல்லா வங்கிகளையும் கேட்டோம். பெருந்தொற்றில் எவ்வளவு கடன் மூழ்கும் என்று ஒருவருக்கும் தெரியாத வாரம் அது. சட்டப்படி அது பரிந்துரைதான், ஆனாலும் வங்கிகள் கேட்டன. பங்குதாரர்களின் கோபம் அடங்க நெடுநாள் பிடித்தது. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், அதை விலக்கிக்கொள்ள எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

2023 மார்ச் வேறு மாதிரி. அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து மார்ச் 9ஆம் திகதி ஒரே நாளில் 4,200 கோடி டொலர் வெளியேறியது. முப்பது நாள் அழுத்தத்தைத் தாங்கும் அளவு கையில் காசு வேண்டும் என்பது நாங்கள் வளர்த்த விதி. கைத்தொலைபேசியில் காசை அனுப்புகிறவர் முப்பது நாள் காத்திருப்பதில்லை. பத்து நாள் கழித்து, மார்ச் 19ஆம் திகதி, கிரெடிட் சுவிஸ் மீட்பில் 1,600 கோடி சுவிஸ் பிராங்க் பெறுமதியான ஒரு வகைக் கடன்பத்திரங்களைச் சுழியமாக்கினார்கள், பங்குதாரர்களுக்கோ கொஞ்சம் மிஞ்சியது. அது எங்கள் எல்லைக்கு வெளியே நடந்தது. ஆனால் அதேபோன்ற பத்திரங்களை யூரோ வலய வங்கிகளும் விற்றிருந்தன. திங்கட்கிழமை காலை சந்தை ஓட்டம் பிடிப்பதற்குள், இங்கே இழப்பை முதலில் தாங்குவது பங்குதாரர்தான் என்று மூன்று ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து அறிக்கை வெளியிட்டன. ஒரு சிறிய அறிக்கை. அந்த ஆண்டு நான் வாசித்ததில் மிக விலை மதிப்பான பத்தி அது.

இனி, வர விரும்புபவர்களுக்கு. ஐரோப்பிய மத்திய வங்கியில் சேர ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு அந்தக் கதவு திறக்காது. ஆனால் மறுபக்கத்தில், வங்கிகளின் அறிக்கையிடல் பிரிவுகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் இதே விதிகளோடு மல்லுக்கட்டும் வேலைகள் நிறைய உண்டு. ஆங்கிலம் மிக நன்றாகவும் ஒன்றியத்தின் இன்னொரு மொழி ஓரளவுக்கும் வேண்டும். பொருளியல், சட்டம், கணக்கியல், கணிதம் எல்லாம் சரி. வங்கிகளின் கணினிப் பாதுகாப்பு பற்றிய ஐரோப்பியச் சட்டம் 2025 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, சேர்வர் அறைக்குள் நுழைந்து கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு எல்லா இடத்திலும் தட்டுப்பாடு.

எங்கே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். விதிகளின் நுணுக்கத்தை எழுதுவதில் ஆசையுள்ளவருக்கு ஐரோப்பிய வங்கி ஆணையம். அது இலண்டனில் இருந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போக முடிவெடுத்தபின், 2017 நவம்பரில் பாரிஸும் டப்ளினும் சம வாக்கு வாங்கியதால் சீட்டுக் குலுக்கிப் பாரிஸுக்குக் கொடுத்தார்கள். என் சகபாடிகள் சிலரின் பிள்ளைகள் இன்று பிரெஞ்சு பேசுவதற்குக் காரணம் அந்தக் குலுக்கல். விழும் வங்கியைப் பிரித்து அடக்கும் வேலை பிரசெல்ஸில் உள்ள தீர்வுச் சபையுடையது. சிறு வங்கிகள் இன்றும் அந்தந்த நாட்டு ஆணையங்களிடமே இருக்கின்றன.

நேரே பிராங்பேர்ட் என்று கிளம்புகிறவர்களை நான் தடுப்பேன். முதலில் ஒரு நாட்டு ஆணையத்தில், அதிலும் களச்சோதனைக் குழுவில், சில ஆண்டுகள் கடன் கோப்பு படியுங்கள். கோப்பு படிக்காமல் மேலே வந்தவரைக் கூட்டத்தில் உடனே கண்டுபிடித்துவிடலாம், சராசரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். சம்பளம் வங்கிக்காரர் சம்பளத்துக்குக் கிட்ட வராது. ஐரோப்பிய மத்திய வங்கியில் தொடக்கம் பெரும்பாலும் குறித்த கால ஒப்பந்தம்தான், நிரந்தரமாகுமா என்ற கவலையில் வீடு வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்கள் பலர். விட்டுவிட்டு வங்கிப் பக்கம் போகலாம், ஆனால் இடையில் காத்திருப்புக் காலம் உண்டு. செய்த நல்ல வேலைக்குச் சான்று எதுவும் கிடைக்காது. விழாத வங்கியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. விதிகளைக் குறைக்க வேண்டும் என்ற இப்போதைய பேச்சில் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே எண்ணை மூன்று படிவத்தில் மூன்று அமைப்புக்கு அனுப்பச் சொல்வதில் எவருக்கும் பயனில்லை. மற்றப் பாதி, பழைய விபத்துகளை மறந்தவர்களின் பேச்சு.

கடந்த ஆண்டு நான் மேற்பார்வை பார்த்துவந்த வங்கியிலிருந்து என்னை மாற்றினார்கள். கையளிப்புக் குறிப்பு எழுத வேண்டும். மூலதனம், கைக்காசு, முடிக்கப்படாத கண்டறிதல்கள் எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது. கட்டம் இல்லாதவற்றைக் கடைசியில் சேர்த்தேன். கடன் குழு கூடும் முன்பே முடிவு எந்த மதிய உணவில் எடுக்கப்படுகிறது. தெரியாது என்று நேரே சொல்லும் துறைத் தலைவர் யார். அவர் தெரியும் என்று சொன்னால் நம்பலாம். எந்த அறிக்கை மோசமான காலாண்டுகளில் மட்டும் பிந்தி வருகிறது. நாங்களாகக் கேட்டாலொழிய எந்தத் துணை நிறுவனத்தின் பெயர் அவர்கள் வாயில் வருவதில்லை.

எனக்குப் பின் வந்தவர் லிஸ்பனைச் சேர்ந்த பெண். குறிப்பு முழுவதையும் படித்தார். மூலதனப் பகுதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தத் துணை நிறுவனத்துக்கு நீங்கள் நேரில் போனீர்களா?"

"போனேன். வரவேண்டிய தேவையில்லை, காணொளியில் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு தரம் சொன்னார்கள். அதனால்தான் போனேன்."

"அப்படியானால் அடுத்த மாதம் நானும் போகிறேன்" என்று நாட்காட்டியைத் திறந்தார்.